கோலாலம்பூரில் வாடகை வீடு எடுக்கும் முன் போட வேண்டிய கணக்கு

வீடு பார்க்கப் புறப்படும் முன்னரே, மாதந்தோறும் கையில் வரும் சம்பளத்தைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கணவனும் மனைவியும் குறைந்தபட்ச ஊதியமான 1,700 ரிங்கிட்டுக்கு வேலை செய்கிறார்கள் என்று வைத்துக்கொண்டால், ஊழியர் சேமநிதிக்கு 11 விழுக்காடும் சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்துக்குச் சிறு தொகையும் பிடித்தது போக, இருவருக்குமாகச் சேர்ந்து வீடு வந்து சேருவது ஏறக்குறைய 3,000 ரிங்கிட். வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் வாடகை அடங்க வேண்டும் என்ற கணக்கின்படி இக்குடும்பத்தின் எல்லை 1,000 ரிங்கிட். ஓவர்டைம் பணத்தை இதில் சேர்க்காதீர்கள். முதலாளி நினைத்தால் நின்றுவிடும் பணத்தை நம்பி ஓராண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது சரியல்ல என்பது என் கருத்து. எல்லையைத் தாண்டிய வாடகைக்கு ஈடுகட்டுவது பெரும்பாலும் அடுப்படியும் பிள்ளைகளின் டியூஷனும்தான்.

அடுத்து, சாவி கைக்கு வரும் நாளன்று எண்ணி வைக்க வேண்டிய தொகை. இங்குள்ள வழக்கப்படி இரண்டு மாத வாடகை வைப்புத் தொகையாகவும், அரை மாத வாடகை தண்ணீர், மின்சாரத்துக்கான வைப்பாகவும், முதல் மாத வாடகை முன்பணமாகவும் கேட்கப்படும். 1,000 ரிங்கிட் வீட்டுக்கே இது 3,500 ரிங்கிட், அதாவது இருவரின் ஒரு மாதச் சம்பளத்தைவிட அதிகம். இதை ஆலோங்கிடம், அதாவது உரிமமில்லாத வட்டிக்காரரிடம், கடன் வாங்கிக் கட்டினால் வட்டி இரண்டாவது வாடகையாகிவிடும். அதைவிட, உறவினர் வீட்டில் இன்னும் மூன்று மாதம் நெருக்கியடித்து இருந்து பணம் சேர்ப்பது மேல்.

வாடகை குறைகிறதே என்று நகருக்கு வெளியே ரவாங், கிள்ளான் பக்கம் போக நினைப்பவர்கள் போக்குவரத்தையும் கூட்டிப் பார்க்க வேண்டும். மலேசியக் குடிமக்களுக்கான மாதம் 50 ரிங்கிட் ‘மை50’ பயண அட்டை எல்ஆர்டி, எம்ஆர்டி, மோனோரயில் ஆகிய நகர ரயில்களுக்கும் ரேபிட் கேஎல் பேருந்துகளுக்கும் செல்லும். ரவாங், கிள்ளான் பக்கம் ஓடும் கேடிஎம் கொமுட்டர் புறநகர் ரயிலுக்குச் செல்லாது. ஆகவே காஜாங், சுங்கை பூலோ போன்ற எம்ஆர்டி வழித்தட வீடு, வாடகை சற்றுக் கூடுதலாக இருந்தாலும் மொத்தத்தில் மலிவாக முடியலாம். தமிழ்ப்பள்ளி எவ்வளவு தொலைவில் இருக்கிறது, பள்ளி வேனுக்கு மாதம் எவ்வளவு என்பதையும் அதே தாளில் எழுதுங்கள்.

வருமானம் மிகக் குறைவாக இருந்தால், மாநகர மன்றத்தின் பிபிஆர் எனும் மக்கள் வீடமைப்புத் திட்ட அடுக்குமாடி வீடுகளுக்கு விண்ணப்பித்துவிடுங்கள். அங்கு மாத வாடகை 124 ரிங்கிட். காத்திருப்பு நீளும் என்பதால் வெளியில் தேடுவதை மட்டும் நிறுத்த வேண்டாம்.

நம்மவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. குறிப்பிட்ட இனத்தவருக்கு மட்டுமே வீடு என்று வெளிப்படையாகவே விளம்பரம் செய்பவர்கள் இருக்கிறார்கள். தெரிவு இப்படிச் சுருங்கும்போது, அவசரத்தில் இருப்பவர் சொன்ன வாடகைக்குத் தலையாட்ட நேர்கிறது. அதனால் இரண்டு மாதம் முன்னதாகவே தேடத் தொடங்குங்கள்; நேரில் போகும் முன், நாங்கள் இந்தியக் குடும்பம், இத்தனை பேர் என்று தொலைபேசியிலேயே சொல்லிவிடுங்கள். கசப்பான யோசனைதான், ஆனால் வீண் அலைச்சலில் போகும் ஒரு நாள் சம்பளம் மிஞ்சும். முகவர் வழியாகப் போனால் அவருடைய ஆர்இஎன் (வீட்டு முகவர்) பதிவு எண்ணைக் கேட்டுச் சரிபார்க்காமல் முன்பணம் அனுப்பாதீர்கள்.

குடியிருப்பு வாடகைக்கென்று தனிச் சட்டம் இல்லாத இந்நாட்டில், வாடகையை இவ்வளவுதான் உயர்த்தலாம் என்ற வரம்பும் இல்லை. ஆகவே எழுதி வாங்குவதுதான் உங்களுக்குப் பாதுகாப்பு. ஓராண்டுக்குப் பின் புதுப்பித்தால் வாடகை எவ்வளவு, எந்தப் பழுதை யார் சரிசெய்வது, வீட்டை ஒப்படைத்த எத்தனை நாளில் வைப்புத் தொகை திரும்பும் என்ற மூன்றும் எண்ணும் எழுத்துமாக ஒப்பந்தத்தில் இருக்கட்டும். கையெழுத்திட்ட 30 நாளுக்குள் உள்நாட்டு வருமான வாரியத்தில் முத்திரை வரி கட்டுங்கள். ஓராண்டு ஒப்பந்தத்துக்கு, ஆண்டு வாடகையில் ஒவ்வொரு 250 ரிங்கிட்டுக்கும் 1 ரிங்கிட். நம் 1,000 ரிங்கிட் வீட்டுக்கு 48 ரிங்கிட். இதை மிச்சம் பிடித்தால், முத்திரையில்லாத தாளை நீதிமன்றம் சான்றாக ஏற்காது.

வாடகை தவறினாலும் வீட்டுக்காரர் நீதிமன்ற உத்தரவின்றிப் பூட்டை மாற்றி உங்களை வெளியேற்ற முடியாது. 1950ஆம் ஆண்டின் குறிப்பிட்ட நிவாரணச் சட்டம் அதைத் தடுக்கிறது. தாமதமாகும் என்று தெரிந்தவுடனேயே வாட்ஸ்அப்பில் எழுத்தாகத் தெரிவித்துத் தவணை கேளுங்கள்.

குடிபுகும் நாளிலும் காலி செய்யும் நாளிலும் சுவர், குழாய், மின்மீட்டர் எல்லாவற்றையும் தேதியுடன் படமெடுத்து வையுங்கள். வைப்புத் தொகை திரும்பி வராவிட்டால், 5,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை வழக்கறிஞர் இல்லாமலேயே மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கைப் பிரிவில் நீங்களே தொடுக்கலாம். முத்திரையிட்ட ஒப்பந்தம், வாடகை ரசீதுகள், அந்தப் படங்கள் ஆகியவற்றை அப்போது கையோடு கொண்டுசெல்லுங்கள்.