மொட்டை மாடியில் முதலில் கீரை, அப்புறம் காய்

மாடித்தோட்டம் போட ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது தக்காளியைத்தான். நான் கீரையில் தொடங்கச் சொல்வேன். சிறுகீரையும் முளைக்கீரையும் விதைத்த 25 நாளில் பறிப்புக்கு வந்துவிடும். தக்காளிக்கு நாற்றுவிட்டு, எடுத்து நட்டு, பழம் பறிக்க மூன்று மாதம் ஆகும். அதற்குள் பலருக்கு ஆர்வம் வற்றிவிடுகிறது. இரண்டு தடவை கீரை எடுத்தால் எவ்வளவு தண்ணீர் ஊற்றுவது, செடி வளர்க்கும் பை எப்போது காய்கிறது என்பதெல்லாம் கைக்குப் பழகிவிடும்.

விதைக்க ஆடியும் தையும் நல்ல பட்டம். எங்கள் மதுரை வெயிலில் சித்திரையில் புதிதாகத் தொடங்கவே வேண்டாம். ஏற்கெனவே செடி இருந்தால் 50 சதவீத நிழல் வலை கட்டுங்கள். கீரைக்கு அகலமான, முக்கால் அடி உயரப் பை போதும். கத்தரி, வெண்டை, தக்காளிக்கு ஒரு அடி அகலமும் ஒரு அடி உயரமும் வேண்டும். பைகளைச் செங்கல் மேல் வையுங்கள், தளத்தில் ஈரம் தங்காது.

பணத்தையும் நேரத்தையும் மண் கலவையில் போடுங்கள். செம்மண், தேங்காய் நார்த்தூள், நன்றாக மக்கிய தொழு உரம் மூன்றும் சம பங்கு. பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. நார்த்தூள் கட்டியை இரவே தொட்டியில் ஊறப்போட்டால் காலையில் பொங்கி நிற்கும், தண்ணீர் கருந்தேநீர் நிறத்தில் இருக்கும். அதை வடித்துவிட்டு மறுபடி ஊறவைத்துப் பிழியுங்கள். தண்ணீர் வெளிறும்வரை இதைச் செய்தால்தான் அதிலுள்ள உப்பு போகும். உப்பு தங்கினால் இலை ஓரம் கருகும். கலந்த மண்ணை ஈரம் தெளித்து நிழலில் பத்து நாள் வைத்துவிட்டு அப்புறம் விதையுங்கள். பச்சைச் சாணம் சேர்க்காதீர்கள், அந்தச் சூட்டை வேர் தாங்காது.

கீரை விதை பொடியாக இருப்பதால் மணலோடு கலந்து தூவினால் ஒரே இடத்தில் குவியாது. மேலே மெல்லிசாக மண் தூவி, பூவாளியால் தண்ணீர் தெளியுங்கள். எறும்பு விதையை இழுத்துக்கொண்டு போகும். பையைச் சுற்றிச் சாம்பல் போட்டு வையுங்கள்.

கொத்தமல்லிக்கு அஞ்சறைப்பெட்டி மல்லியே போதும். சப்பாத்திக் கட்டையால் லேசாக உருட்டி இரண்டாக உடைத்து விதையுங்கள். பனிக்காலத்தில் நன்றாக வரும், கோடையில் சீக்கிரம் பூத்துவிடும். புதினாவுக்குக் கடையில் வாங்கிய கட்டில் இலையை ஆய்ந்துவிட்டு, தடித்த தண்டுகளை ஊன்றினால் சரி. கற்பூரவல்லியும் அப்படித்தான், ஒரு கிளை போதும். கறிவேப்பிலைக்கு மட்டும் நாற்றுப் பண்ணையில் கன்று வாங்கிப் பெரிய டிரம்மில் வையுங்கள்.

வெண்டை, கத்தரி இலையைத் தினமும் திருப்பிப் பாருங்கள். அடியில் பஞ்சு ஒட்டினாற்போல வெள்ளையாக இருந்தால் மாவுப்பூச்சி. கொஞ்சமாக இருக்கும்போது ஈரத்துணியால் துடைத்தாலே போய்விடும். பரவிவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் காதி சோப்புக் கரைசலும் கலந்து, சாயங்காலம் இலையின் அடிப்பக்கம் நனையும்படி தெளியுங்கள். வாரம் ஒருமுறை செய்தால் கட்டுப்படும்.

சுரைக்கொடி பூக்கிறது, பிஞ்செல்லாம் பழுத்து உதிர்கிறது என்பார்கள். உரம் போதவில்லை என்று நினைத்து மேலும் மேலும் போடுவார்கள். பெரும்பாலும் மகரந்தம் சேராததுதான் காரணம், மாடிக்குப் பூச்சி வரத்து குறைவு. அடியில் குட்டிச் சுரைக்காய் இருப்பது பெண் பூ, வெறும் காம்பு மட்டும் இருப்பது ஆண் பூ. சுரைப்பூ விரிவது சாயங்காலத்தில். அப்போது ஆண் பூவைப் பறித்து, இதழை நீக்கி, நடுத்தண்டைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவுங்கள். பிஞ்சு நிற்கும்.

காய்ப்பு ஓய்ந்த பை மண்ணைக் கொட்டிவிடாதீர்கள். வேரை எடுத்துவிட்டு, நாலைந்து நாள் வெயிலில் பரப்பி, மண்புழு உரம் சேர்த்து மறுபடி நிரப்புங்கள். தக்காளி இருந்த பையில் கத்தரியோ மிளகாயோ வேண்டாம், மூன்றும் ஒரே குடும்பம், நோயும் ஒன்றுதான். அவரையோ கீரையோ போடுங்கள்.