மீட்டர் டோக்கனும் சி மொழியின் அசெர்ட்டும்

டர்பனில் எங்கள் சாட்ஸ்வொர்த் பக்கம் ப்ரீபெய்டு கரண்ட் மீட்டர் உள்ள வீடுகள் பல. காசு கட்டினால் 20 இலக்க டோக்கன் தருவார்கள். அதை மீட்டரில் அழுத்தினால் யூனிட் ஏறும். என்னிடம் சி படிக்க வரும் பிள்ளைகளுக்கு அந்த மீட்டரைப் போல ஒரு சின்ன நிரல் எழுதக் கொடுப்பேன். ஒரு நிபந்தனை உண்மைதானா என்று நிரல் ஓடும்போதே சோதிக்கும் அசெர்ட்டை விளக்க இதைவிட நல்ல சாக்கு எனக்குக் கிடைக்கவில்லை.

முதலில் அசெர்ட்.எச் கோப்பைச் சேர்த்துக்கொள்ளுங்கள். டோக்கனைப் பிரிக்கும் ஃபங்ஷனின் தொடக்கத்தில் இதை எழுதுங்கள் (கம்ப்யூட்டரில் வழக்கம்போல ஆங்கில எழுத்தில்):

அசெர்ட்(நீளம் == 20 && "டோக்கன் நீளம் தப்பு");

நிபந்தனை சரியென்றால் ஒன்றும் நடக்காது. பொய்யானால் அந்த நிபந்தனையைக் கோப்பின் பெயர், வரி எண்ணோடு அச்சிட்டுவிட்டு நிரல் அங்கேயே நின்றுவிடும். சி99 முதல் ஃபங்ஷன் பெயரும் வரும். மேற்கோளுக்குள் இருக்கும் வாசகம் முடிவை மாற்றாது, பிழைச் செய்தியில் கூடவே வரும், அவ்வளவுதான்.

வாங்கியவர் 19 இலக்கம் மட்டும் அடித்தால்? அதற்கு அசெர்ட் கூடாது. மனிதர்கள் தப்பாக அடிப்பது சகஜம். இஃப் போட்டு மறுபடி கேளுங்கள். கோப்பு திறக்கவில்லை, நினைவகம் கேட்கும் மாலாக் இடம் தரவில்லை என்றாலும் இப்படித்தான். வாசலில் சரிபார்த்து அனுப்பிய பிறகும் உள்ளே 19 வந்து நின்றால் கோளாறு நம் நிரலில் இருக்கிறது. அசெர்ட் பிடிக்க வேண்டியது அதை.

அப்புறம், இப்படி மட்டும் எழுதாதீர்கள்:

அசெர்ட்(டோக்கன்_படி(பஃபர்) == 20);

அசெர்ட்டை அணைக்கும் என்டீபக் மேக்ரோவை வரையறுத்து கம்பைல் செய்தால் அசெர்ட் எதுவும் மிஞ்சாது. நிரலைக் கட்டித்தரும் சீமேக் கருவியின் ரிலீஸ் பில்டில் (வெளியிடுவதற்கான கம்பைலில்) அது வழக்கமாகத் தானாகவே வந்துவிடும். அப்போது டோக்கனைப் படிக்கும் வேலையும் சேர்ந்து காணாமல் போகும். விடையை முதலில் ஒரு மாறியில் வாங்குங்கள்; அசெர்ட்டுக்குள் அந்த மாறி மட்டும் இருக்கட்டும்.

டோக்கனுக்குள் நேரக் குறியீடு ஒன்று உண்டு: 1993 ஜனவரி 1 முதல் எண்ணிய நிமிடங்கள், 24 பிட்டில். அதில் அடங்கும் 16777216 நிமிடம் என்பது 2024 நவம்பர் 24 அன்று தீர்ந்தது. எண்ணிக்கை சுழியத்துக்குத் திரும்பினால் மீட்டர் புது டோக்கனைப் பழசு என்று தள்ளிவிடும். அதனால்தான் அந்த நாளுக்கு முன் மீட்டரின் ரகசியக் குறியீடான கீயை மாற்றும் டோக்கன்கள் இரண்டை எல்லோரும் அழுத்த வேண்டி வந்தது. பயிற்சி நிரலில் அசெர்ட்(நிமிடம் < 16777216) என்று போட்டால் இந்த எல்லை கண்ணில் படும். ஆனால் காலண்டர் நகர்வது பிழையில்லையே! கடைக்குப் போகும் நிரலாக இருந்தால் இங்கே இஃப்பும் மாற்று வழியும் வேண்டும் என்பேன்.

ஓடும்முன்பே தெரிந்துவிடக்கூடியதை சி11-இல் வந்த, கம்பைல் செய்யும்போதே சோதிக்கும் ஸ்டேட்டிக் அசெர்ட்டிடம் விடுங்கள். 20 இலக்கம் 64 பிட் முழு எண்ணில் அடங்காது, அதனால் எழுத்து அரேதான் வைக்கிறோம். வாசகம் முடிந்தது என்று காட்ட முடிவில் வரும் ‘நல்’ எழுத்துக்கும் (மதிப்பு சுழியம்) சேர்த்து 21 இடம் வேண்டும். பிள்ளைகள் 20 என்றுதான் எழுதுவார்கள்.

ஸ்டேட்டிக்_அசெர்ட்(சைஸ்ஆஃப்(பஃபர்) >= 21, "நல் எழுத்துக்கு இடமில்லை");

இதை அரேயை அறிவித்த இடத்திலேயே எழுதுங்கள். ஃபங்ஷனுக்கு அனுப்பிய பிறகு அங்கே சைஸ்ஆஃப் தருவது பாயிண்டரின் அளவை.