பழைய காருக்குள் மழைத்தண்ணீர்: ஒழுகும் இடத்தை நீங்களே கண்டுபிடிக்கலாம்

சென்னை தண்டையார்பேட்டையில் எங்கள் மாருதி 800 ஆண்டு முழுவதும் தெருவோரத் தூங்குமூஞ்சி மரத்தடியில்தான் நிற்கிறது. ஐப்பசியில் இரண்டு நாள் விடாமல் பெய்தால் போதும், கதவைத் திறந்ததும் ஊறிய சாக்கு வாடை முகத்தில் அடிக்கும். இடப்பக்க மிதியடியைத் தூக்கினால் அடியில் தண்ணீர். ஒரு பட்டறையில் காட்டினேன். முன்கண்ணாடியைச் சுற்றி சிலிகானை அப்பிக் கொடுத்தார்கள். அடுத்த மழையிலும் அதே இடத்தில் அதே தண்ணீர். அதன்பிறகுதான் நானே தேட உட்கார்ந்தேன். கண்ணாடிக்கும் அந்தத் தண்ணீருக்கும் சம்பந்தமே இல்லை.

மாருதி 800 தயாரிப்பு 2014 ஜனவரியில் நின்றுவிட்டது. ஆகவே கடைசியாக வந்த வண்டியில்கூட ரப்பர்கள் இறுகிப்போகும் வயதாகிவிட்டது. ஜென், சான்ட்ரோ வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான். காசிமேடு, எண்ணூர்ப் பக்கம் வசிப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கடற்காற்றின் உப்பும் கார்பெட்டின் ஈரமும் சேர்ந்தால் தரைத்தகடு கண்ணுக்குத் தெரியாமலே துருப்பிடித்துவிடும்.

முதலில், அது என்ன தண்ணீர்?

மழையே இல்லாத கத்திரி வெயிலில் காலடி நனைகிறதா? அது ஏசி தண்ணீர். ஏசியை 15 நிமிடம் ஓடவிட்டு வண்டிக்கு அடியில் பாருங்கள். புழுக்கமான நாளில் கீழே சொட்டவே இல்லையென்றால் வடிகுழாய் அடைத்திருக்கிறது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் குழாய் முனையில் மெல்லிய வயரை மெதுவாக விட்டு அழுக்கை எடுத்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

தண்ணீரில் பச்சை, சிவப்பு என்று நிறம் இருந்து, விரலில் வழவழத்து, இனிப்பு வாடை அடித்தால் அது கூலண்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம். ஹீட்டரில் கசிவு என்று பொருள். கூலண்ட் விஷம். குழந்தைகளையும் தெரு நாய்களையும் அண்டவிடாதீர்கள். வண்டியை மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள். இது நாம் கைவைக்கிற வேலை இல்லை.

கணேசபுரம் சுரங்கப்பாதை போல முழங்கால் அளவு நீர் தேங்கும் இடத்தில் வண்டி நின்றிருந்தால் தண்ணீர் கீழிருந்தும் ஏறியிருக்கலாம். தரைத்தகட்டில் உள்ள வட்ட ரப்பர் மூடிகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பாருங்கள். இவை எதுவும் இல்லையென்றால் மழைநீர்தான்.

உலர்த்துங்கள்

மிதியடியை மட்டும் வெயிலில் போட்டால் போதாது. கார்பெட்டுக்கு அடியில் உள்ள பஞ்சு நீரைக் குடித்து வைத்திருக்கும். கையால் அழுத்தினால் குபுகுபுவென்று வரும். கார்பெட்டைக் கழற்றி மொட்டை மாடியில் இரண்டு நாள் நல்ல வெயிலில் விரியுங்கள். தரைத்தகட்டைத் துடைத்துவிட்டு, பழைய செய்தித்தாள்களைப் பரப்புங்கள். ஒரு சொட்டு விழுந்தாலும் தாளில் கறை காட்டிக்கொடுக்கும்.

பூவாளிச் சோதனை

எங்கள் பகுதியில் தண்ணீரைக் குடக்கணக்கில்தான் பார்ப்போம். மூன்று குடம் தண்ணீரும் ஒரு பூவாளியும் இருந்தால் போதும். அதிவேகமாகப் பீய்ச்சும் பம்பு வேண்டாம். நல்ல ரப்பரையும் தாண்டி அது நீரை உள்ளே தள்ளிவிடும். நீங்கள் இல்லாத ஓட்டையைத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

ஒருவர் டார்ச்சோடு உள்ளே இருக்க வேண்டும், இன்னொருவர் வெளியே. கீழிருந்து மேலே போங்கள்: கதவின் அடிப்பாகம், கதவுக் கண்ணாடி, வைப்பருக்குக் கீழே உள்ள சல்லடை, முன்கண்ணாடி, கடைசியில் கூரை. எடுத்த எடுப்பில் கூரையில் ஊற்றினால் வண்டி முழுவதும் நனைந்துவிடும், எங்கிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஒவ்வோர் இடத்திலும் 5 நிமிடமாவது ஊற்றிக் காத்திருங்கள். நீர் உள்ளே நுழைகிற இடம் ஒன்று, தேங்குகிற இடம் வேறு; இரண்டுக்கும் நடுவே தகட்டின் மடிப்புகளில் அது ஊர்ந்து வர நேரம் பிடிக்கும்.

என் மகன் டேஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்து மல்லாந்து படுத்திருந்தான். கதவுகளில் ஒன்றும் இல்லை. வைப்பர் சல்லடையில் இரண்டாவது பூவாளி பாதி தீர்வதற்குள், "அப்பா, இங்கே!" என்று குரல் கொடுத்தான். சல்லடையைக் கழற்றினேன். தூங்குமூஞ்சி மரத்தின் பொடி இலைகள் மக்கி, களிமண் போலக் கறுத்து, வடிகால் ஓட்டையை முழுதாக மூடியிருந்தன. விரலைவிட்டுத் தோண்டியதில் ஒரு கைப்பிடி வந்தது. அடுத்த நொடி, தேங்கியிருந்த நீர் களகளவென்று முன்சக்கரத்துக்குப் பின்னால் கொட்டியது. போக வழியில்லாத மழைநீர் காற்று நுழையும் வாய்வழியாக வழிந்து காலடிக்கு வந்திருக்கிறது. இதற்குத்தான் கண்ணாடியைச் சுற்றி சிலிகான்!

கதவுகள்

கதவுக்குள் தண்ணீர் இறங்குவது இயல்பு. கண்ணாடியை ஒட்டி இறங்கி, அடிவிளிம்பில் உள்ள சிறு ஓட்டைகள் வழியாக வெளியேற வேண்டும். கதவைச் சாத்தும்போது உள்ளே சளக்கென்று சத்தம் கேட்டால் ஓட்டை அடைத்திருக்கிறது. தென்னந்துடைப்பத்து ஈர்க்கு ஒன்று போதும், குத்தி எடுத்துவிடலாம். தண்ணீர் கசிகிறதே என்று அந்த ஓட்டைகளை ஒருபோதும் அடைத்துவிடாதீர்கள்.

கதவின் உட்பலகைக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். ஸ்பீக்கர் மாட்டியவரோ கண்ணாடி ஏற்றும் கைப்பிடியைப் பழுதுபார்த்தவரோ அதைக் கிழித்துப் போட்டிருக்க வாய்ப்பு அதிகம். கனமான பிளாஸ்டிக் தாளை வெட்டி ஒட்டுங்கள். அதன் கீழ்விளிம்பு கதவுத் தகட்டின் உட்பக்கமாக இறங்க வேண்டும், இல்லையென்றால் நீர் மறுபடி உள்ளேதான் வழியும்.

கதவைச் சுற்றி ஓடும் ரப்பர் பட்டையை, அதாவது பீடிங்கைச் சோதிக்க, ஒரு தாளை நடுவில் வைத்துக் கதவைச் சாத்தி இழுங்கள். தாள் தடையே இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் ரப்பர் தட்டையாகிவிட்டது. புதிது வாங்க, வண்டி உதிரிபாகக் கடைகள் நிறைந்த புதுப்பேட்டைக்குப் போகிறவர்கள் பழைய பீடிங்கில் ஒரு சாண் வெட்டி எடுத்துக்கொண்டு போங்கள். பெயர் சொல்லிக் கேட்பதைவிட வடிவத்தைக் காட்டிக் கேட்பது நல்லது.

கண்ணாடியும் டிக்கியும்

முன்கண்ணாடியில்தான் கசிவு என்று உறுதியானால், ரப்பர் உதட்டை மெல்லத் தூக்கி, உள்ளே காய்ந்த பிறகு, கார் கண்ணாடிக்கென்று விற்கும் சீலன்ட்டைச் செலுத்துங்கள். வினிகர் வாடை அடிக்கும் சாதாரண சிலிகான் வேண்டவே வேண்டாம். அது உலரும்போது வெளிவிடும் அமிலம் தகட்டைத் துருப்பிடிக்க வைக்கும். ரப்பருக்கு அடியில் ஏற்கெனவே துரு பொங்கியிருந்தால் கண்ணாடியைக் கழற்றி டிங்கர் (தகடு சீரமைக்கும்) வேலை பார்த்தே ஆக வேண்டும்.

டிக்கியில் ஸ்டெப்னிக்கு அடியில் நீர் நின்றால் டெயில் லைட்டுக்குப் பின்னால் உள்ள ரப்பரை முதலில் பாருங்கள்.

தரைத்தகட்டில் லேசான துரு இருந்தால் கம்பி பிரஷால் பளிச்சென்று தேய்த்து, துருவைத் தடுக்கும் ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்து, அது காய்ந்ததும் பெயின்ட் பூசுங்கள்.

சரிசெய்த பிறகு அதே வரிசையில் மறுபடி பூவாளியைப் பிடியுங்கள். உள்ளே வரவில்லை என்றாலும் கார்பெட்டை உடனே போட்டுவிட வேண்டாம். புதுச் செய்தித்தாளைப் பரப்பி, இரண்டு நல்ல மழை பெய்யட்டும். மறுநாள் காலையில் தாள் மொறமொறவென்று இருந்தால் கார்பெட்டைப் பொருத்திவிடலாம்.