டியூப் வாட்டர்கலரை ஹாஃப் பேனில் காயவைத்துக்கொள்ளுங்கள்

வெளியில் உட்கார்ந்து ஸ்கெட்ச் போடுகிறவர்கள், டியூப் வாட்டர்கலரைக் காலி ஹாஃப் பேன்களில் (பெயின்ட் வைக்கும் சின்னஞ்சிறு கிண்ணங்களில்) நிரப்பிக் காயவைத்து எடுத்துப் போகலாம். 5 மி.லி. டியூப் ஒன்றில் இரண்டு ஹாஃப் பேன் நிரம்பும்.

வாட்டர்கலரில் நிறத்தூளைப் பிடித்துவைப்பது கருவேலம் பிசின் வகையைச் சேர்ந்த அரபுப் பிசின். காய்ந்த பிறகும் அது தண்ணீரில் கரையும் என்பதால், பிதுக்கிய பெயின்ட் மிஞ்சிக் கழுவிக் கொட்டும் பேச்சே இல்லை. வரைய உட்காரும்போது ஒவ்வொரு பேனிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு இரண்டு நிமிடம் ஊறவிட்டால் போதும், பிரஷ்ஷைத் தேய்க்க வேண்டியதில்லை.

ஒரேயடியாக நிரப்பாதீர்கள். மேலே தோல் கட்டி, உள்ளே ஈரம் நின்று, பிறகு சுருங்கி வெடித்துக் கட்டியாகக் கழன்றுவிடும். முதலில் பாதி போட்டு, பல்குச்சியால் மூலை வரை தள்ளிக் காற்றுக்குமிழியை எடுங்கள். நன்றாகக் காய்ந்ததும் மீதியை நிரப்புங்கள். ஈரத்தோடு டப்பாவை மூடினால் பூஞ்சை பிடிக்கும்.

தேன் கலந்த பெயின்ட்டுக்கு இது அவ்வளவாகச் சரிவராது, கடலோர ஈரக்காற்றில் பிசுபிசுவென்றே இருக்கும். குவாஷ் (அடியில் இருப்பதை மறைக்கும் கெட்டியான வாட்டர்கலர்) காய்ந்தால் பொருக்குவிடும். அக்ரிலிக் காய்ந்தபின் கரையவே கரையாது.