20 வளைவு, 3 முடிவு: தேர்வுக் கதை விளையாட்டு எழுதுவது எப்படி?

விளையாடுபவர் தேர்ந்தெடுப்பதற்கு ஏற்பக் கதை மாறினால், அது தேர்வுக் கதை விளையாட்டு. சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு வளைவு கதையை இரண்டாகப் பிரித்துக்கொண்டே போனால், மேலே போய்ச் சேரும்போது 10 லட்சத்துக்கும் மேல் முடிவுகள் எழுத வேண்டியிருக்கும். புதிதாக எழுதுகிறவர்கள் பாதியில் கைவிடுவது இதனால்தான். பாதை ஒன்றாகவே இருக்கட்டும். பாத்திரங்களின் மனசு மாறினால் போதும்.

படி 1: ஆட்கள்
இரண்டு பேர் போதும். சேலத்தில் படிக்கும் கதிர், ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் தாத்தா. கதிருக்கு ஒரு அரியர் விழுந்திருக்கிறது. தாத்தாவுக்குத் தெரியாது.

படி 2: கருவி
ட்வைன். 2009இல் வந்த இலவசக் கருவி, பிரவுசரிலேயே ஓடும். [[மாம்பழம் வாங்கு]] என்று இரட்டைச் சதுர அடைப்புக்குள் எழுதினால் கதையின் அடுத்த பகுதியை எழுத ஒரு பெட்டி தானாக வந்துவிடும்.

படி 3: தேர்வுகள்
கதிர் ஏற வேண்டிய ஏற்காடு பஸ் கிளம்பப்போகிறது. தாத்தாவுக்கு மல்கோவா வாங்கப் போனால் சீட்டு போய்விடும், மலை முழுக்க நின்றுகொண்டே வர வேண்டும். இப்படி எதையாவது இழந்தால்தான் அது தேர்வு. வாங்கினால் ‘நம்பிக்கை’ என்ற மாறியில் (தாத்தாவுக்குக் கதிர் மேல் உள்ள நம்பிக்கையை விளையாட்டு நினைவில் வைக்கும் எண், 0இல் தொடங்கும்) 1 கூட்டுங்கள்.

பாதி மலையில் தாத்தா போன் செய்கிறார்: “பரீட்சை என்னாச்சுப்பா?” உண்மை சொன்னால் 2 கூட்டுங்கள். பொய் சொன்னால் எதையும் கழிக்காதீர்கள், ‘பொய்’ என்று மட்டும் குறித்து வையுங்கள். அவருக்குத்தான் இன்னும் தெரியாதே! ஒரு பாத்திரம் தனக்குத் தெரிந்ததை வைத்துத்தான் நடந்துகொள்ளும். நிறையப் பேர் தவறவிடுவது இதைத்தான்.

படி 4: சந்திப்பு
எந்த வழியில் வந்தாலும் ஏற்காட்டில் இறங்கும் காட்சி ஒன்றுதான். மாறுவது ஒரே வரி. உண்மை சொன்னவனிடம், “ம்… வா” என்று சொல்லிவிட்டுப் பையை வாங்கிக்கொள்கிறார். பொய் சொன்னவனை, “என் பேரன் பாஸாயிட்டான்!” என்று பக்கத்துக் கடைக்காரரிடம் காட்டுகிறார். விளையாடுபவருக்கு உறுத்தும் இடம் இதுதான். அவசரப்படாமல் எழுதுங்கள்.

படி 5: முடிவு
மறுநாள் காலை அரியர் விஷயம் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. இப்போது மாறியைப் பாருங்கள். 2 அல்லது அதற்கு மேல் இருந்தால், மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மர நிழலுக்குத் தாத்தா அவனையும் கூட்டிப் போகிறார். 1 என்றால், பேச்சில்லை, ஆனால் மாம்பழத்தில் ஒரு துண்டு அவன் தட்டில் விழுகிறது. 0 என்றால், தோட்டத்துக்குத் தனியாகப் போகிறார்.

அப்புறம் ஒரு நண்பரை விளையாட வைத்து, பக்கத்தில் பேசாமல் உட்காருங்கள். எந்தத் தேர்வில் அவர் விரல் ஒரு நொடிகூடத் தயங்கவில்லையோ, அந்தத் தேர்வைத் திரும்ப எழுதுங்கள்.