மாத்திரையும் டிகிரி காபியும்: பெண்களின் ஹார்மோன் விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விடியற்காலை ஐந்தரைக்கு ஃபில்டரில் டிகாக்‌ஷன் இறங்கியிருக்கும். பால் பொங்கி வருவதற்குள் தைராய்டு மாத்திரையைப் பிரித்து வாயில் போட்டு, முதல் டம்ளர் காபியோடு விழுங்கிவிடுவேன். கும்பகோணத்தில் பிறந்துவிட்டுக் காபியைத் தள்ளிப்போடுவதா? இரண்டு வருஷம் இப்படியே ஓடியது. தைராய்டு போதவில்லை என்றால் ஏறுகிற டி.எஸ்.எச். அளவு இறங்கவில்லை, டோஸ்தான் ஏறிக்கொண்டே போனது. நடுவில் கொத்தமல்லித் தண்ணீர், ஆளிவிதைப் பொடி என்று வாட்ஸ்அப்பில் வந்ததையெல்லாம் சாப்பிட்டுப் பார்த்தேன். ஒருநாள் ரத்தம் எடுத்த நர்ஸ் பெண்தான் கேட்டாள்: "மாத்திரைய எதோடக்கா போடுறீங்க?"

லீவோதைராக்சின் என்கிற இந்தத் தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில் வெறும் தண்ணீரோடு போட வேண்டியது. பிறகு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் காபி, டீ, பால் எதுவும் கூடாது. இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரை என்றால் நாலு மணி நேர இடைவெளி. முடி கொட்டுகிறது என்று பயோட்டின் என்கிற வைட்டமின் சாப்பிடுகிறவர்கள் தைராய்டு டெஸ்டுக்கு இரண்டு நாளாவது முன்னால் அதை நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் ரிசல்ட் தப்பாக வரலாம். இப்போதெல்லாம் மாத்திரையைப் போட்டுவிட்டு வாசல் தெளித்துக் கோலம் போடப் போய்விடுகிறேன். காபிக்கு நேரம் ஆக வேண்டுமே, பெரிய கோலமாகத்தான் போட வேண்டியிருக்கிறது.

என்ன சேர்த்துக்கொண்டால் ஹார்மோன் சரியாகும் என்றுதான் எல்லோரும் கேட்கிறோம். எது கெடுக்கிறது என்று பார்ப்பதில்லை. அதைவிட, எந்த ஹார்மோன் என்றே பார்ப்பதில்லை. பீரியட்ஸ் தள்ளிப்போனால் காரணம் தைராய்டாக இருக்கலாம், சினைப்பை நீர்க்கட்டியாக (பி.சி.ஓ.எஸ்.) இருக்கலாம், பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ஏறியிருக்கலாம், நாற்பதைத் தாண்டியவர்களுக்கு மாதவிலக்கு நிற்கப்போகும் காலமாகவும் இருக்கலாம். பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கழற்சிக்காய் கேட்டது என்பதால் உங்களுக்கும் கேட்க வேண்டுமென்று இல்லை. நாள் தள்ளியதும் மலைவேம்புச் சாறு குடிப்பவர்கள் முதலில் கர்ப்பமா என்று கார்டில் பார்த்துவிடுங்கள். கரு தங்கியிருந்தால் இந்தச் சாறெல்லாம் விளையாட்டல்ல. சித்த மருந்துதான் வேண்டுமென்றால் அரசு மருத்துவமனைகளிலேயே சித்தா பிரிவு இருக்கிறது. லேபிள் இல்லாத டப்பாவில் வரும் சூரணத்தில் என்ன கலந்திருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது.

அடுத்து உளுந்தங்களி. வயதுக்கு வந்த பெண்ணுக்குக் கிண்டிக் கொடுப்பதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் நீர்க்கட்டி இருக்கிற இருபத்தைந்து வயதுப் பெண்ணுக்கும் அதே கணக்கில் கிண்டுகிறோம். ஒரு டம்ளர் மாவுக்கு ஒன்றரை டம்ளர் கருப்பட்டி, மேலே குழி பண்ணி ஊற்றுகிற நல்லெண்ணெய். நீர்க்கட்டி உள்ள பலருக்கு இன்சுலின் சரியாக வேலை செய்யாது, உடம்பு இன்னும் அதிகமாகச் சுரக்கும், அந்த இன்சுலின் சினைப்பையில் ஆண் ஹார்மோனைக் கூட்டிவிடும். கருப்பட்டியில் தாதுச்சத்து இருக்கலாம், ரத்தத்துக்குள் போனால் அதுவும் சர்க்கரைதான். பாட்டி களியைச் சாப்பிட்டுவிட்டு நாள் முழுக்கக் குனிந்து நாற்று நட்டார். பேத்தி ஸ்கூட்டியில் போய் எட்டு மணி நேரம் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறாள். கருப்பட்டியைக் கால்வாசியாகக் குறைத்து, எண்ணெயை ஒரு ஸ்பூனோடு நிறுத்தினால் களி களியாகத்தான் இருக்கும்.

பூங்கார் அரிசிக்கும் இதே கதை. திருத்துறைப்பூண்டியில் நெல் ஜெயராமன் போன்றவர்கள் பாடுபட்டுப் பாரம்பரிய நெல்லை மீட்டதால்தான் அது இன்று நம் கைக்குக் கிடைக்கிறது. தீட்டாத சிவப்பரிசி, நார்ச்சத்து உண்டு, நல்லது. அதற்காகத் தட்டில் பொன்னி குவித்த அதே உயரத்துக்குப் பூங்காரைக் குவித்தால் பெரிதாக ஒன்றும் மாறாது. பாதி சோறு, மீதி கீரையும் காயும் பருப்பும் என்று தட்டை மாற்றுவதுதான் வேலை செய்யும். நீர்க்கட்டியோடு எடையும் கூடியிருந்தால், எடையில் ஐந்திலிருந்து பத்து சதவீதம் குறைந்தாலே பலருக்கு மாதவிலக்கு ஒழுங்குக்கு வரும். எழுபது கிலோ என்றால் மூன்றரை முதல் ஏழு கிலோ. பட்டினி கிடந்து ஒரே மாதத்தில் குறைத்தால் பீரியட்ஸ் நின்றே போகலாம்.

உப்பு. இயற்கை என்று அயோடின் சேர்க்காத கல்லுப்புக்கும் இந்துப்புக்கும் முழுசாக மாறிவிடுகிறார்கள். வேதாரண்யத்து உப்பே ஆனாலும் பாக்கெட்டில் அயோடின் சேர்த்தது என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். தைராய்டு ஹார்மோனை உடம்பு அயோடினை வைத்துத்தான் செய்கிறது.

வயதுக்கு வந்து இரண்டு மூன்று வருஷம் வரை பீரியட்ஸ் முன்னே பின்னே வருவது சகஜம், அதற்குள் பெண்ணைப் போட்டு வறுத்தெடுக்காதீர்கள். பெரியவர்களுக்கு 21 முதல் 35 நாளுக்குள் வந்தால் கவலை இல்லை. கர்ப்பமும் இல்லை, தொண்ணூறு நாளாகியும் வரவில்லை என்றால் டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும்.

மாதவிலக்கு நின்று ஒரு வருஷத்துக்குப் பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் அப்படித்தான். என் அத்தைக்கு ஐம்பத்தெட்டு வயதில் பட்டது. உடம்புச் சூடு என்று நாலு மாதம் இளநீரும் ஊறவைத்த வெந்தயமுமாக ஓட்டினார், யாரிடமும் சொல்லவில்லை. தெரிந்த அன்றைக்கே ஆட்டோ வைத்துக் கூட்டிப்போனேன். ஸ்கேனில் கர்ப்பப்பை உள்சவ்வு தடித்திருந்தது, புற்றா என்று பார்க்கத் துளி சதை எடுத்துப் பயாப்சிக்கு அனுப்பினார்கள். ரிசல்ட் வரும்வரை ஒரு வாரம் அத்தை வெந்தயத்தைத் தொடவில்லை. நல்லவேளை, புற்று இல்லை.