சமூகவியல் கைடு வாங்கும் முன்

எம்.ஏ. சமூகவியலுக்குக் காசு கொடுத்து கைடு வாங்கும் முன், இக்னோவின் (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) இ-ஞானகோஷ் இணையதளத்தில் எம்.எஸ்.ஓ-001 முதல் 004 வரையிலான பாடநூல்களை இறக்கிக்கொள்ளுங்கள். இலவசம். இக்னோ மாணவராக இருக்க வேண்டியதில்லை.

கோட்பாடு, ஆய்வு முறை, வளர்ச்சி, இந்தியச் சமூகவியல் என்ற இந்த நான்கும் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகப் பாடத்திட்டங்களோடு ஒத்துப்போகும். வகுப்பு இல்லாமல் தானே படிப்பவருக்காக எழுதியவை என்பதால் வெபர், டர்க்கைம் போன்ற சமூகவியல் முன்னோடிகள்கூட அவ்வளவாக மிரட்டமாட்டார்கள். ஒவ்வொரு அலகின் முடிவிலும் மேற்கொண்டு படிக்கவேண்டிய நூல்களின் பட்டியல் இருக்கும். நூலகத்தில் எதை எடுப்பது என்று தடுமாற வேண்டாம். கைடில் இது கிடைக்காது.

தமிழ்வழியில் தேர்வு எழுதுபவருக்கு இது அதிகம் உதவாது, நூல்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான். அப்புறம், புள்ளிவிவரங்கள் பழையவை. அவற்றை அப்படியே விடைத்தாளில் எழுதிவிடாதீர்கள்.